ஒற்றைக் கை குமாஸ்தாவின் அல்லிக்குளம்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களையும் இருமல்களையும் மட்டும் வெட்டியிருக்கிறேன்.)

போன வருஷம் ஏப்ரல்ல ஒரு கிழங்கு வாங்கினேன். விரல் தடிமன், ஒரு ஜாண் நீளம், பாக்குறதுக்குக் காய்ஞ்ச இஞ்சி மாதிரி இருக்கும். விலை 14 டாலர். வாட்ஸாப்பில் அம்மாவிடம் காட்டினேன். அம்மா பிறந்தது மாயவரம் பக்கம். பார்த்த உடனே கேட்ட கேள்வி: "ஏன்டா தம்பி, அல்லிக்கிழங்கை யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா? நம்ம ஊர் வாய்க்கால்ல எறங்கினா கால்ல சிக்குமே!"

நியாயமான கேள்விதான். ஆனா இந்த எபிசோட் அந்த 14 டாலர் கிழங்கில்தான் தொடங்குது. அங்கிருந்து அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போய், ஒரு குப்பை மேட்டைத் தாண்டி, திரும்ப என் வீட்டுக் கொல்லைக்கே வந்து சேரும்.

நான் இருப்பது மேரிலாந்தில், வாஷிங்டன் நகரத்துக்கு அரை மணி நேர தூரத்தில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு. வீட்டுக்கார அம்மா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. கொல்லையில் எட்டடிக்கு ஆறடி ஒரு குட்டிக் குளம் உண்டு. ரெண்டடி ஆழம், அடியில் ரப்பர் விரிப்பு. அவங்க கணவர் இருந்த காலத்தில் வெட்டினது. பல வருஷமா இலைச் சருகு மட்டும்தான் அதில் இருந்தது. "நான் இதைச் சுத்தம் பண்ணி ஏதாவது வளர்க்கட்டுமா?" என்று கேட்டேன். மூணு நிபந்தனை போட்டாங்க: வண்ண மீன் விடக் கூடாது, ஃபவுண்டன் வைக்கக் கூடாது, எது வைத்தாலும் இந்த மண்ணோட செடியா இருக்கணும். மூணாவது நிபந்தனையோடதான் நர்சரிக்குப் போனேன். அங்கே சிவப்பு, மஞ்சள், பீச் நிறம் என்று கண்ணைப் பறிக்கிற கலப்பின அல்லிகள் வரிசையா இருந்தன. ஓரத்தில், யாரும் தொடாத ஒரு தொட்டியில், சாதா வெள்ளை அல்லி. தாவரவியல் பேர் நிம்ஃபியா ஒடொராட்டா. வாசனை அல்லி என்று வெச்சுக்கலாம். கனடாவில் ஆரம்பிச்சு ஃப்ளோரிடா வரைக்கும் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் குளங்களில் தானாகவே வளர்கிற செடி.

அதை வாங்கும்போது கடைக்காரர் சும்மா ஒரு வார்த்தை விட்டார். "இந்தச் செடியாலதான் பக்கத்தில் ஒரு தேசியப் பூங்காவே வந்தது, தெரியுமா?" எனக்குத் தெரியாது. நாலு வருஷமா இங்கே இருக்கேன், அந்தப் பூங்காவிலிருந்து 20 நிமிஷ தூரத்தில் பிரியாணிக் கடைக்கு மாசம் ரெண்டு தடவை போறேன். தெரியாது.

சரி, கதைக்கு வருவோம்.

வால்டர் ஷா. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலத்துக்காரர். உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பில் சண்டை போட்டு ஒரு கையை இழந்தார். போர் முடிஞ்சதும் வாஷிங்டனில் கருவூலத் துறையில் குமாஸ்தா வேலை. பிறகு அனகோஸ்டியா என்ற ஆற்றின் கரையில், மனைவி வீட்டாரிடமிருந்து முப்பது ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கினார். பெரும்பகுதி சதுப்பு நிலம். அதில் கைவிடப்பட்ட ஒரு ஐஸ் குளமும் இருந்தது. ஃபிரிட்ஜ் வருவதற்கு முன்னாடி, குளிர்காலத்தில் உறையும் குளத்துத் தண்ணீரைப் பாளம் பாளமா அறுத்து, மரத்தூள் போட்டு மூடி, கோடையில் விற்பாங்க. அந்த மாதிரிக் குளம்.

1882இல் ஷா தன் சொந்த ஊரான மெய்னிலிருந்து வெள்ளை அல்லிக் கிழங்குகளை வரவழைத்தார். ஒரு டஜன் என்று சொல்வார்கள். அந்த ஐஸ் குளத்தில் ஊன்றினார். எதுக்கு? வியாபாரத்துக்கு இல்ல. ஊர் ஞாபகம்.

இங்கே ஒரு நிமிஷம் நிக்கணும். ஏன்னா இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அதே வெள்ளை அல்லி வாஷிங்டன் பக்கத்துக்கும் சொந்தச் செடிதான். சுற்றுவட்டாரக் குளங்களில் தேடியிருந்தாலே கிடைச்சிருக்கும். ஆனா அவருக்கு மெய்ன் அல்லிதான் வேணும். எங்க அம்மா சென்னையிலிருந்து எனக்குப் பார்சல் அனுப்பும் புளியை நினைச்சுக்கிட்டேன். இங்கே எந்த இந்தியக் கடையிலும் புளி கிடைக்கும். அதைச் சொன்னா அம்மா ஒத்துக்க மாட்டாங்க.

அல்லி நல்லா வளர்ந்தது. அல்லிக்கு ஒரு குணம் உண்டு: பிடிச்சுப் போச்சுன்னா நிக்காது. ஷா பக்கத்தில் இன்னொரு குளம் வெட்டினார், அப்புறம் இன்னொன்னு. விற்க ஆரம்பிச்சார். புது ரகங்களை உருவாக்கினார். காலத்தைக் கவனிங்க. பிரான்ஸில் க்ளோத் மோனே தன் ஜிவெர்னி வீட்டுப் பக்கத்தில் அல்லிக்குளத்துக்காக நிலம் வாங்கியது 1893இல். உலகமே அந்தக் குளத்தை ஓவியங்கள் மூலமா பார்த்திருக்கு. அதுக்குப் பதினோரு வருஷம் முன்னாடியே ஒரு ஒற்றைக் கைக் குமாஸ்தா ஆபீஸ் முடிஞ்சு வந்து சேத்தில் இறங்கிக்கிட்டிருந்தார். அவரை யாரும் வரையலை.

என்னைக் கேட்டா, இந்தக் கதையோட நிஜ நாயகி ஷா இல்ல. அவர் மகள் ஹெலன். கணவரை இழந்த பிறகு அப்பாவோட சேர்ந்து தொழிலைக் கையில் எடுத்தவர். 1921இல் ஷா இறந்ததும் முழுப் பொறுப்பும் ஹெலன் ஃபௌலர் தலையில். எகிப்து, தென் அமெரிக்கா, ஆசியா என்று எங்கெங்கிருந்தோ அல்லி, தாமரை ரகங்களைத் தருவித்தார். வெட்டின பூக்கள் நியூயார்க், பாஸ்டன், சிகாகோ வரைக்கும் போச்சு. வாஷிங்டனில் டிரக் ஓட்ட லைசென்ஸ் வாங்கிய முதல் பெண் இவர்தான் என்று சொல்வார்கள். கோடையில் ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் குளங்களைப் பார்ப்பது ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கமாவே ஆயிருந்தது. ஜனாதிபதிகள் வில்சன், ஹார்டிங், கூலிட்ஜ் எல்லாரும் வந்து பார்த்திருக்காங்க. ஷா ஒரு இளஞ்சிவப்பு ரகத்துக்குத் தன் மகள் பேரையே வெச்சார். 'ஹெலன் ஃபௌலர்' அல்லி.

காலையில் ஏன் போனாங்க? இதுதான் எனக்கு முதல் அதிர்ச்சி. நம்ம மனசில் அல்லின்னா நிலா. சூரியனுக்குத் தாமரை, சந்திரனுக்கு அல்லி. இது நமக்குப் பால்வாடியிலேயே ஏறிடுது. நம்ம ஊர்க் குளங்களில் இருக்கும் வெள்ளை அல்லி நிஜமாவே இரவில் விரிஞ்சு முற்பகலில் மூடும். நான் இங்கே கிழங்கை ஊன்றிட்டு, பூ வந்தா ராத்திரி நாற்காலி போட்டு உட்காரணும்னு திட்டம் வெச்சிருந்தேன். ஆனா இந்த ஊர் வாசனை அல்லி காலையில் விரிஞ்சு மதியம் தாண்டினா மூடிக்கும். ஒரு பூவுக்கு மூணு, நாலு நாள்தான் ஆயுசு. அம்மாவிடம் சொன்னேன். "அங்க அல்லியும் ஆபீஸ் டைம்தானா?" என்றார்.

ஹெலன் கதையில் வில்லன் வர்ற இடம் இது. அனகோஸ்டியா ஆற்றோரச் சதுப்பு அரசாங்கத்துக்கு ரொம்ப நாளா கண்ணை உறுத்திக்கிட்டிருந்தது. காடழிப்பும் விவசாயமும் சேர்ந்து ஆற்றில் வண்டல் நிரம்பியிருந்தது. கழிவுநீர் வேற. மலேரியா பயம். ராணுவப் பொறியியல் படைப்பிரிவு ஆற்றை ஆழமா தூர்வாரி, அள்ளின சேற்றைக் கரையோரச் சதுப்பில் கொட்டி மேடாக்கிக்கிட்டே வந்தது. 1930களில் அந்த வேலை ஷாவின் குளங்களை நெருங்கியது. ஹெலன் சண்டை போட்டார். கடைசியில் 1938இல் அரசாங்கமே 15,000 டாலர் கொடுத்து எட்டு ஏக்கரை வாங்கியது. ஹெலன் 1950களில் இறக்கும் வரை அங்கேயே வசித்தார். இன்றைக்கு அது கெனில்வர்த் நீர்த்தாவரத் தோட்டம். அமெரிக்க தேசியப் பூங்காத் துறையில் நீர்த்தாவரங்களுக்கென்றே இருக்கிற ஒரே இடம்.

பெரும்பாலான பயணக் கட்டுரைகள் இந்த இடத்தில் சுபம் போட்டுடும். ஒரு வீரர், ஒரு மகள், ஒரு பூ, அரசாங்கத்தின் கருணை. நானும் அப்படித்தான் எழுதி வெச்சிருந்தேன். அப்புறம் வரைபடத்தைப் பார்த்தேன்.

1942 முதல் அந்தத் தோட்டத்துக்கு அடுத்தாப்பலயே, அதே பூங்காத் துறையின் நிலத்தில், வாஷிங்டன் நகரத்தின் குப்பைக் கிடங்கு இருந்தது. கெனில்வர்த் டம்ப். குப்பையைத் திறந்தவெளியில் கொளுத்துவாங்க. பக்கத்தில் பெரும்பாலும் கறுப்பினத்தவர் வாழ்ந்த குடியிருப்புகள். புகை அந்த வீடுகளுக்குள் போச்சு. அல்லிக்குளத்தின் மேலயும் போச்சு. மக்கள் வருஷக்கணக்கா போராடினாங்க. 1968 பிப்ரவரியில் குப்பை மேட்டில் விளையாடிக்கிட்டிருந்த ஏழு வயசுப் பையன் ஒருத்தன் தீயில் சிக்கி இறந்தான். அதுக்கப்புறம்தான் கொளுத்துறதை நிறுத்தினாங்க. அதுவும் உடனடியா. அதாவது நிறுத்த முடியும். கால் நூற்றாண்டா முடியாதுன்னு சொன்னது, ஒரு சாவுக்கப்புறம் முடிஞ்சது.

எட்டு ஏக்கர் அல்லிக்கு ஒரு விதி, அடுத்த தெருக் குழந்தைகளுக்கு ஒரு விதி. பெருங்குடி, கொடுங்கையூர் பக்கம் வளர்ந்தவங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பில் நாரைகளும் குப்பை லாரிகளும் ஒரே ஃபோட்டோவில் இருக்குமே, அதே காட்சிதான்.

ராணுவப் பொறியியல் பிரிவுக்கும் ஒரு பின்கதை இருக்கு. 1992-93இல் அதே பிரிவு, அதே ஆற்றில் தூர்வாரின அதே மாதிரி வண்டலைக் கொட்டி, கெனில்வர்த் பக்கத்தில் 30 ஏக்கருக்கு மேல் சதுப்பை மறுபடி உருவாக்கியது. அழிச்ச கையாலேயே செஞ்சாங்க. பிறகு 2000இல் பக்கத்து கிங்மன் பகுதியிலும் இதே மாதிரி சதுப்பு அமைச்சு நாற்று நட்டாங்க. அங்கே கனடா வாத்துக் கூட்டம் இறங்கிப் பெரும்பகுதியைத் தின்னு தீர்த்துடுச்சு. பொறியியல் படிச்சவன்ங்கிற முறையில் எனக்கு அந்த வாத்துங்க மேல ஒரு மரியாதை. டெஸ்ட் கேஸில் யாருமே எழுதியிருக்க மாட்டாங்க.

சொந்தச் செடின்னு சொல்றோமே, அதுலயும் ஒரு சிக்கல். இதே வாசனை அல்லி அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் சட்டப்படி களை. அழகுக்காகக் கொண்டுபோய் விட்டாங்க, ஏரிகளை மூடிடுச்சு. ஒரு வாஷிங்டனில் மண்ணின் மைந்தன், இன்னொரு வாஷிங்டனில் ஆக்கிரமிப்பாளன். செடி ஒண்ணுதான்.

சரி, என் கிழங்கு என்ன ஆச்சு?

முதல் தப்பு மண். பையில் விற்கும் தொட்டி மண் வாங்கிப் போட்டேன். அது மரத்தூளும் கரியும் கலந்த லேசான சமாச்சாரம். தண்ணியில் இறக்கின உடனே மேலே மிதந்து, குளம் ஒரு வாரம் டிகாஷன் கலரில் இருந்தது. அல்லிக்கு வேண்டியது பிசுபிசுன்னு கனமான களிமண். அது கொல்லையிலேயே ரெண்டடி தோண்டினா ஓசியில் கிடைச்சது. அகலமான தொட்டி, அதில் களிமண், கிழங்கைச் செங்குத்தா நடாமல் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சாய்வா படுக்க வைக்கணும். இது குறுக்கே ஊர்ந்து வளர்கிற கிழங்கு, அதுக்கு ஓட இடம் வேணும். முளைக்கிற நுனி மட்டும் மண்ணுக்கு மேலே தெரியணும். அதைப் புதைச்சா அழுகிடும். மேலே கொஞ்சம் கூழாங்கல். ஆரம்பத்தில் அரையடித் தண்ணிக்குக் கீழே, இலை வர வர ஆழத்துக்கு இறக்கணும். நான் முதல் நாளே ரெண்டடி ஆழத்தில் இறக்கிட்டேன். ரெண்டாவது தப்பு.

மூணாவது தப்பு என்னுதில்ல, மேப்பிள் மரத்தோடது. அல்லிக்கு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேணும். எங்க குளத்துக்கு நாலுதான். வட்ட வட்டமா இலை வந்தது, அடிப்பக்கம் ஊதாச் சிவப்பு, காம்பு சேரும் இடத்தில் ஒரு வெட்டு. பூ வரலை. ஃபவுண்டன் வேண்டாம்னு வீட்டுக்கார அம்மா ஏன் சொன்னாங்கன்னும் அப்பதான் புரிஞ்சது: இலை மேல தொடர்ந்து தண்ணி தெளிச்சா இந்தச் செடிக்கு ஆகாது, அசையாத தண்ணிதான் வேணும்.

அக்டோபரில் இலையெல்லாம் பழுத்துப் போச்சு. தொட்டியை நடு ஆழத்துக்குத் தள்ளி வெச்சேன். மேலே பனி உறைஞ்சாலும் கிழங்கு உறையாத ஆழத்தில் இருந்தா பிழைச்சிடும். நவம்பரில் என் வேலை போச்சு. டீமோட பாதிப் பேர், ஒரே மின்னஞ்சல். என் மாதிரி எச்1பி விசாவில் இருக்கிறவங்களுக்கு அன்னையிலிருந்து 60 நாள். அதுக்குள்ளே வேற கம்பெனி மனு போடணும், இல்லைன்னா மூட்டை கட்டணும். அம்மாவிடம் பத்து நாள் சொல்லவே இல்லை. சொன்னப்போ அழலை. "அந்தக் குளத்தை என்ன பண்ணுவே?"ன்னுதான் முதல்ல கேட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரலை.

ஏன்னா அதுவரைக்கும் நானும் அதை யோசிச்சிருந்தேன். ரெண்டாவது வருஷம்தான் பூக்கும்னு தெரிஞ்ச செடியை, அடுத்த வருஷம் இங்கே இருப்போமான்னு தெரியாதவன் எதுக்கு நடணும்? ஷாவுக்கு அந்தப் பிரச்னை இல்லை. அவருக்கு நிலம் இருந்தது, அரசாங்க வேலை இருந்தது. ஊர் ஞாபகம் மட்டும்தான் எங்களுக்குப் பொது. அந்த டிசம்பரில் ஒரு நாள் கெனில்வர்த் போனேன். குளங்கள் எல்லாம் பழுப்பு. ஒரு பூ கிடையாது, காய்ஞ்ச தாமரைக் காய்கள் தலை குனிஞ்சு நின்னுக்கிட்டிருந்தன. அதில் ஒரு குளத்துத் தாமரைக்குத் தனிக் கதை உண்டு: மஞ்சூரியாவில் ஒரு பழைய ஏரிப்படுகையில் கிடைச்ச, பல நூறு வருஷம் பழைய விதைகளை 1950களின் தொடக்கத்தில் இங்கே முளைக்க வெச்சாங்க. அந்த வம்சம் இன்னும் பூக்குது. நான் போன அன்னைக்கு, சேறுதான் பூத்திருந்தது. ஒரு மணி நேரம் நின்னேன். வேலை இல்லாதவனுக்கு நேரம்தான் நிறைய இருக்கே.

51ஆவது நாள் புதுக் கம்பெனி மனு போட்டது. அதைப் பத்தி இதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்லை.

மார்ச்சில் வீட்டுக்கார அம்மா ஆளை வெச்சு மேப்பிள் மரத்தின் ரெண்டு கிளையை வெட்டினாங்க. நான் கேட்கலை. "உன் செடிக்கு வெயில் பத்தலை"ன்னு மட்டும் சொன்னாங்க. ஏப்ரலில் தொட்டியை மேலே தூக்கி, கிழங்கை எடுத்துப் பார்த்தேன். ஒரு ஜாண் மூணு ஜாணாகி, கிளை விட்டிருந்தது. ரெண்டாக வெட்டி, ஒன்றைத் திரும்ப நட்டேன். உர மாத்திரை ஒன்றை மண்ணுக்குள்ளே ஆழமா செருகினேன். மேலாகப் போட்டா பாசிக்குத்தான் விருந்து.

இந்த ஜூன் 19, வியாழக்கிழமை. காலை ஒன்பதரை மணி மீட்டிங்கில் இருந்தேன், லேப்டாப்போட கொல்லையில். பூ விரிஞ்சிருந்தது. வெள்ளை, நடுவில் மஞ்சள். கிட்டப் போனா சோம்பும் எலுமிச்சையும் கலந்த மாதிரி ஒரு வாசனை. முதல் நாள் பூவுக்கு நடுவில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும், அதில் ஒரு திரவம். வேற பூவிலிருந்து மகரந்தத்தோட வர்ற பூச்சி அதில் வழுக்கி விழும். உடம்பிலிருக்கும் மகரந்தம் கழுவப்பட்டுச் சூலகத்துக்குப் போயிடும். சில பூச்சிகள் முங்கிச் செத்தும் போகும். ரெண்டாம் நாள் அந்தத் திரவம் இருக்காது, பூ தன் மகரந்தத்தைக் கொடுக்க ஆரம்பிச்சிடும். எல்லாம் முடிஞ்சதும் காம்பு ஸ்பிரிங் மாதிரி சுருண்டு காயைத் தண்ணிக்குள்ளே இழுத்துக்கும். என் பூவின் கிண்ணத்தில் அன்னைக்கே ஒரு குட்டி வண்டு முங்கிக் கிடந்தது. மீட்டிங்கில் என் பேரைக் கூப்பிட்டிருக்காங்க, எனக்குக் கேட்கலை.

அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே ராத்திரி ஏழு மணி. ரொம்ப நேரம் பார்த்துட்டு, "தண்டைப் பறிச்சு மாலை கட்டத் தெரியுமா உனக்கு?"ன்னு கேட்டாங்க. தண்டை அங்கங்கே ஒடிச்சு, ஒடிச்ச பக்கம் தோலை மட்டும் உரிச்சு விட்டா மணி கோத்த மாதிரி தொங்கும், நடுவில் பூ பதக்கமா நிற்கும். சின்ன வயசில் அவங்க வாய்க்கால் கரையில் பண்ணினது. பூ நாலு நாள் முடிச்சுத் தண்ணிக்குள்ளே போகட்டும், அடுத்த பூவில் பண்றேன்னு சொன்னேன்.

வெட்டின இன்னொரு கிழங்கு ஒரு வாளியில் இருக்கு. மேரிலாந்து, விர்ஜீனியா பக்கம் குளமோ பெரிய தொட்டியோ வெச்சிருக்கிறவங்க எழுதுங்க, முதல்ல கேட்கிறவங்களுக்குத் தர்றேன். காசு வேண்டாம், அம்மா திட்டுவாங்க. மேற்குக் கரை நண்பர்கள் கேட்காதீங்க, சட்டச் சிக்கல். அடுத்த எபிசோட் ரெண்டு வாரம் கழிச்சு. வணக்கம்.